எண்பது வயசு பாட்டுக்காரரைப் பார்க்க ஐம்பது வயசுக்காரங்க ஏன் போறாங்க?

படைப்புக்கு, அதாவது பங்காளிங்க ஒண்ணு கூடி முன்னோருக்குப் படைச்சுப் பந்தி வைக்கிற நாளுக்கு, ஊருக்கு வந்திருந்த அக்கா மக, முகப்புல உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டே இருந்தவ, திடீர்னு நிமிர்ந்து கேட்டா. "அம்மான், இந்த ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டுல பாடுறவருக்கு எண்பது தாண்டிருச்சு, இன்னும் மேடையில ஓடுறாரு, பார்க்க வந்த கூட்டத்துல பாதி நரைச்ச தலை, நீங்களும் இப்படித்தான் மும்பை வரைக்கும் போனீங்களாம், இதுல அப்படி என்ன இருக்கு?" அவளுக்கு 19 வயசு. அன்னைக்கு இலை போடுற நேரம், பங்காளிங்க ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டே இருக்காங்க, உக்காந்து பேச முடியல. அவ கேட்டது நல்ல கேள்வி, ஒரு வரியில சொல்லி முடிக்கக்கூடாதுன்னு தோணுச்சு, அதனால ராக் மியூசிக் பக்கமே போகாதவங்களுக்கும் புரியிற மாதிரி அடியில இருந்து எழுதுறேன்.

ராக் பேண்டுன்னா எலக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், பாடுற ஆளு, சிலதுல கீபோர்டு, மொத்தத்துல நாலஞ்சு பேரு. இதுல முக்கியமான சங்கதி, பாட்டு எழுதுறது, மெட்டு போடுறது, வாசிக்கிறது, பாடுறது எல்லாமே பெரும்பாலும் அதே ஆளுங்கதான். நமக்குப் பழக்கமான சினிமா பாட்டு அப்படி இல்ல. கண்ணதாசன் எழுதுவாரு, எம்.எஸ்.வி. மெட்டு போடுவாரு, டி.எம்.எஸ். பாடுவாரு, திரையில வாயசைக்கிறது சிவாஜி. பாட்டு நாலு பேரு கையில பிரிஞ்சு இருக்கு, அதனால பாடினவருக்கு வயசானாலும் நம்ம மனசுல இருக்கிற திரை முகத்துக்கு வயசாகாது, அது அதே கறுப்பு வெள்ளையில அப்படியே நிக்கும். ராக்ல அந்த மறைப்பு கிடையாது. பாடின ஆளே பாட்டோட முகம், அவரு தலை நரைச்சா பாட்டும் நம்ம கண்ணு முன்னாலயே நரைக்குது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால இதுக்குத் திரும்ப வரணும்.

பெரிய பேண்டுங்களோட வயசு கணக்கு பாருங்க. ரோலிங் ஸ்டோன்ஸ் லண்டன்ல 1962ல ஆரம்பிச்சது, ஜெர்மனி ஸ்கார்பியன்ஸ் 1965, பிளாக் சபாத்தும் டீப் பர்ப்பிளும் 1968, ஆஸ்திரேலியா ஏசி டிசி 1973. யூ2ங்கிறது அயர்லாந்துல டப்ளின்காரங்க, 1976ல டிரம்ஸ் வாசிக்கிற ஸ்கூல் பையன் ஒருத்தன் கூட சேர்ந்து வாசிக்க ஆளு வேணும்னு ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டான், அதுல சேர்ந்த பசங்கள்ல நாலு பேருதான் இன்னைக்கு வரைக்கும் பேண்டு. நம்ம இளையராஜா சினிமாவுக்கு வந்ததும் அதே 1976. இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க, ரோலிங் ஸ்டோன்ஸ்ல பாடுற மிக் ஜாக்கர், கிடார் வாசிக்கிற கீத் ரிச்சர்ட்ஸ், நம்ம ராஜா சார் மூணு பேருமே பிறந்தது 1943. ராஜா சார் கச்சேரின்னா நாற்பது அம்பது வயசுக்காரங்க எப்படி கண்ணு கலங்கி உக்காந்திருப்பாங்கன்னு நமக்கே தெரியும். வெள்ளைக்காரங்க நாட்டுல பழைய ராக் பேண்டுக்கு வர்ற கூட்டமும் அதே கூட்டம்தான், தாளமும் மொழியும்தான் வேற.

சரி, காரைக்குடி பக்கத்து ஆளு எனக்கு இது எப்படி வந்துச்சு? கோலாலம்பூர்ல இருந்து. எங்க பெரியப்பா மகன், அண்ணன் அங்கதான் வேலையில இருந்தாரு, 1991ல கல்யாணத்துக்கு வந்தப்ப டைகர் பாம், மைலோ டப்பா இதோட சேர்த்து ரெண்டு கேசட் எனக்குன்னு கொண்டாந்தாரு, ஒண்ணு ஸ்கார்பியன்ஸ், இன்னொண்ணு யூ2 1987ல போட்ட ஜோஷுவா ட்ரீங்கிற ஆல்பம். அப்ப எனக்கு 17. வளவு, அதாவது தூண் வச்ச நடு முற்றம் உள்ள எங்க பழைய வீட்டுல, ரெண்டாங்கட்டுல பழைய டேப் ரெக்கார்டர்ல ஜோஷுவா ட்ரீயைப் போட்டேன். முதல் பாட்டு உடனே ஆரம்பிக்காது, கோயில் மணி ஓஞ்சதுக்கு அப்புறம் ஒரு கார்வை நிக்கும்ல, அந்த மாதிரி கீபோர்டு மட்டும் ரொம்ப நேரம் மெதுவா வந்துக்கிட்டே இருக்கும், அப்புறம் தூரத்துல இருந்து கிடார், ஒரு தடவை மீட்டினா அதுவே எதிரொலியா நாலஞ்சு தடவை திரும்பி வர்ற மாதிரி ஒரு வாசிப்பு, அது கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். வார்த்தை பாதி புரியல. கேசட்டோட உள்ள மடிச்சு வச்சிருந்த பேப்பர்ல பொடி எழுத்துல பாட்டு வரிங்க இருந்துச்சு, டிக்‌ஷனரிய வச்சு ஒவ்வொண்ணா பார்த்தேன். காலேஜ் ஹாஸ்டலுக்கு கொண்டு போனேன், அங்க இன்னும் மூணு பேரு சேர்ந்தாங்க. அந்த மூணு பேரும் இன்னைக்கும் என் கூட இருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வரலாம். நாற்பது வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட உங்க வாழ்க்கையில நடந்ததை ஞாபகம் வர்ற வரைக்கும் சொல்லுங்கன்னு கேட்டு, எந்த வயசுல நடந்ததுன்னு கணக்கெடுத்து ஒரு படம் வரைஞ்சா, சமீபத்து ஞாபகங்களை விட்டுட்டுப் பார்த்தா, சுமாரா 10 வயசுல இருந்து 30 வரைக்கும் உள்ள இடத்துல கோடு மேடு மாதிரி எழும்பி நிக்கும். மனோதத்துவத்துல இதுக்கு ரெமினிசன்ஸ் பம்ப்னு பேரு, நினைவு மேடுன்னு நம்ம சொல்லிக்கலாம். காரணம் ரொம்ப சிக்கலானது இல்ல. அந்த வயசுலதான் எல்லாமே முதல் தடவை நடக்குது, முதல் தடவை வீட்டை விட்டு வெளியூர்ல தங்கறது, முதல் சம்பளம், முதல் காதல், முதல் சாவு. நான் யாருன்னு ஒருத்தன் தனக்குத்தானே முடிவு பண்றதும் அந்த வருஷங்கள்லதான். அப்ப காதுல விழுந்த பாட்டு தனியா விழறதில்ல, அந்த முடிவோட சேர்ந்தே உள்ள போயிடுது. 40 வயசுல கேக்குற நல்ல பாட்டு நல்ல பாட்டாதான் இருக்கும், 17ல கேட்டது நம்மளோட ஒரு பாகமாவே ஆயிடும். அதனாலதான் அவங்கவங்க காலத்துப் பாட்டுதான் உசத்தின்னு எல்லாரும் சண்டை போடுறோம், எங்க அப்பச்சிக்கு தியாகராஜ பாகவதர், எனக்கு இது, அக்கா மகளுக்கு நாளைக்கு வேற ஒண்ணு.

பழசை நினைச்சு ஏங்குறதுக்கு நாஸ்டால்ஜியாங்கிற வார்த்தைய எல்லாரும் சாதாரணமா சொல்றோம், அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா நம்ம ஊர்க்காரங்களுக்கு சுருக்குனு இருக்கும். 1688ல யோஹான்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் கிரேக்க மொழியில வீடு திரும்புறதுங்கிற சொல்லையும் வலிங்கிற சொல்லையும் ஒட்டி அதை உண்டாக்கினாரு. அது ஒரு நோயோட பேரு! பிழைக்கப் போன ஊர்ல, அந்நிய நாட்டுப் பட்டாளத்துல இருந்த சுவிஸ்காரங்க ஊர் நினைப்புலயே உருகிப் போறதைப் பார்த்து வச்ச பேரு. அவங்க ஊர்ல மாடு ஓட்டிக்கிட்டு போறப்ப பாடுற ஒரு மெட்டு இருக்கு, பட்டாளத்துல அதை வாசிச்சா ஆளுங்க அழுது, ஓடிப்போயி, செத்தே போறாங்கன்னு சொல்லி அதை வாசிக்கவே கூடாதுன்னு தடை இருந்துச்சுன்னு ரூசோ எழுதி வச்சிருக்காரு. ஒரு பாட்டுக்கு அவ்வளவு பயந்திருக்காங்க. இங்க செட்டிநாட்டுல இதை தனியா விளக்கணுமா? கொண்டுவிக்கப் போறதுன்னு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும் கப்பலேறி வருஷக்கணக்குல அங்கயே இருந்த ஐயாக்கள் கதை கேட்டு வளர்ந்தவங்கதானே நம்ம. அங்க சம்பாதிச்சதை அங்க செலவு பண்ணாம, பர்மா தேக்கை கப்பல்ல ஏத்தி இந்த வறண்ட பூமியில கொண்டாந்து இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினாங்க, எதுக்கு? என்னைக்காச்சும் திரும்பி வந்து உக்கார ஒரு இடம் வேணும்னுதான்.

இப்ப அந்த வீடுங்க எப்படி இருக்கு? வருஷத்துல முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கு. படைப்பு, கல்யாணம், சாந்திங்கிற அறுபதாம் கல்யாணம்னா திறப்போம், ஆத்தங்குடி கல்லைத் தேங்கா எண்ணெய் போட்டுத் துடைப்போம், ரெண்டு நாளைக்கு வீடு உயிரோட இருக்கும். பழைய பேண்டு கச்சேரியும் எனக்கு அப்படித்தான் தெரியுது. 17 வயசுல நான் இருந்த வீடு ஒண்ணு உள்ளுக்குள்ள பூட்டிக் கிடக்கு, சாவி யூ2வோட அந்த நாலு பேருகிட்ட இருக்கு, அவங்க வந்து வாசிச்சாதான் கதவு திறக்கும். வீட்டுலயே போன்ல கேக்கலாமேன்னு சொல்லலாம், கேக்கிறேன்தான், அது ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி.

2019 டிசம்பர் 15, ஞாயித்துக்கிழமை. மும்பை பக்கத்துல நெருல்ல டி.ஒய்.பாட்டில் ஸ்டேடியம். யூ2 இந்தியாவுக்கு வந்து வாசிச்ச முதல் கச்சேரி, ஜோஷுவா ட்ரீ கேசட்டை முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரைக்கும் அதே வரிசையில மேடையில வாசிக்கிற சுற்றுப்பயணத்தோட கடைசி நாளும் அதுதான். ஹாஸ்டல் ஆளுங்க நாலு பேரும் போனோம், நான் மதுரையில இருந்து பிளேன் ஏறினேன், ஒருத்தன் துபாய்ல இருந்து வந்தான். எனக்கு 45, பாடுற போனோவுக்கு 59. நம்ம ஊருல சாந்தி வைக்க நாள் பார்க்கிற வயசு. பெரிய திரையில பாலைவனத்து ரோடு ஓடிக்கிட்டே இருக்கு, கீபோர்டு ஆரம்பிச்சுது, அந்த கார்வை. அடுத்து கிடார் எந்த இடத்துல வரும்னு எனக்கு உடம்புக்கே தெரியும், 28 வருஷமா தெரியும், இருந்தாலும் அது வர்றதுக்கு முன்னாடி உள்ள அந்த சில நொடியில கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பக்கத்துல துபாய்க்காரன் என் தோள்பட்டையைப் பிடிச்சவன் பாட்டு முடியிற வரைக்கும் விடவே இல்ல. அன்னைக்கு ஏ.ஆர்.ரகுமானும் மகள்களோட மேடைக்கு வந்தாரு, அது தனி சந்தோஷம்.

அந்த சிலிர்ப்புக்கு விளக்கம் இருக்கு. கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2011ல ஒரு சோதனை முடிவு வெளியிட்டாங்க. அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாட்டைக் கேக்குறப்ப மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் சுரக்குதுன்னு அதுல தெரிஞ்சுது, பாட்டோட உச்ச இடத்துல மட்டும் இல்ல, அந்த இடம் வரப்போகுதுன்னு காத்திருக்கிறப்பவே மூளையோட வேற ஒரு பகுதியில சுரக்க ஆரம்பிச்சுடுது. அதாவது தெரிஞ்ச பாட்டுங்கிறதால சுவை குறையல, தெரிஞ்சதாலதான் காத்திருக்க முடியுது. புதுசா ஒண்ணும் இல்லையே, அதே பாட்டைத்தானே பாடுறாங்கன்னு கேக்குறவங்களை நான் ஒரு தடவை காரைக்குடி கம்பன் விழாவுக்குக் கூட்டிட்டுப் போவேன். சா.கணேசன் 1939ல ஆரம்பிச்சு வச்சது, பங்குனியில நடக்கும், நாட்டரசன்கோட்டையில கம்பன் சமாதியில போயி நிறையும். அங்க வர்றவங்கள்ல யாருக்கு ராமன் கதை தெரியாது? பேசுறவர் பாட்டோட முதல் அடியைச் சொன்னதும் முன்வரிசையில ஒரு பெரியவர் உதடு மட்டும் அசைய மீதி மூணு அடியையும் சேர்ந்து சொல்லிக்கிட்டு இருப்பாரு. அந்த முகத்தைப் பார்த்தவங்களுக்கு ஸ்டேடியத்துல நடக்கிறது சட்டுனு புரிஞ்சுடும்.

அப்புறம் கூட்டம். இதை நான் ரொம்ப பெரிசா நினைக்கிறேன். நடு வயசுல மனுஷன் ரொம்ப தனியாயிடுறான், வேலை, ஈ.எம்.ஐ., பிள்ளைங்க காலேஜ், வயசான அப்பா அம்மா ஆஸ்பத்திரி, பத்து வருஷம் எப்படி ஓடுச்சுன்னே தெரியாது. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு உன்னோட 17 வயசு தெரியாது, கட்டின பொண்டாட்டிக்கே கதையாத்தான் தெரியும். அங்க போயி நின்னா நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் பேரு கூடுற மைதானத்துல முன்ன பின்ன பார்க்காத ஒருத்தன், அவன் குவாஹாட்டியோ கொச்சியோ, அதே வரியை அதே இடத்துல மூச்சு விட்டுப் பாடுறான். அவனும் எங்கயோ ஒரு வீட்டுல அந்த பொடி எழுத்தைப் படிச்சவன்தான். பங்காளின்னா யாரு, ஒரே வீட்டுல புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, உள்ளவங்க, வருஷம் பூரா பேசிக்கிட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல, படைப்பு அன்னைக்கு ஒரே பந்தியில உக்காந்தா போதும். எல்லாரும் ஒரே தாளத்துக்குக் கை தட்டி ஒரே குரல்ல பாடுறப்ப முன்பின் தெரியாதவங்களுக்கு நடுவுலயும் ஒட்டுதல் வருதுன்னு ஆராய்ச்சியும் சொல்லுது, தேர் வடம் பிடிச்சவங்களுக்கு அது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

வயசான குரலைப் பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. அறுபது எழுபதுல 25 வயசு குரல் வராது. பல பேண்டுங்க சுருதியை அரைக்கட்டை ஒரு கட்டை இறக்கித்தான் இப்ப வாசிக்கிறாங்க, உச்சத்துல எட்ட முடியாத இடத்துல மைக்கை கூட்டத்துப் பக்கம் நீட்டிடுவாங்க, கூட்டம் பாடிடும். இதை ஏமாத்துன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. முன்ன சொன்ன மாதிரி ராக்ல பாடினவரே பாட்டோட முகம், அந்த முகம் என்னோட சேர்ந்தே வயசாகி வந்திருக்கு. அவரு கொஞ்சம் திணறி அந்த இடத்தைத் தொடுறப்ப, எனக்கும் மூட்டு வலி இருக்கு, சக்கரை இருக்கு, நீயும் இங்க நிக்கிற நானும் இங்க நிக்கிறேன்னு ஒரு பேச்சு அங்க நடக்குது. இளசான ஒரு பாடகர் அதே பாட்டை இதை விட சுத்தமா பாடலாம், இந்தப் பேச்சு அவரால முடியாது.

ஆளு மாறிட்டா? இது வழக்கமா வர்ற சந்தேகம். குயீன் பேண்டோட ஃப்ரெடி மெர்குரி 1991ல இறந்துட்டாரு, இப்ப ஆடம் லாம்பர்ட் பாடுறாரு. ரோலிங் ஸ்டோன்ஸ்ல 1963ல இருந்து டிரம்ஸ் வாசிச்ச சார்லி வாட்ஸ் 2021ல போயிட்டாரு, அந்த இடத்துல ஸ்டீவ் ஜோர்டன். வளவுல ஒரு தேக்குத் தூண் செல்லரிச்சுப் போயி வேற தூண் நட்டா வீடு மாறிடுமா, மாறாது. எத்தனை தூண் வரைக்கும் மாறாதுன்னா அதுக்கு ஒரே பதில் இல்ல, ரசிகர் ரசிகருக்கு மாறும். எனக்குப் பாடுற ஆளு மாறினா மனசு ஒப்பல, மத்தவங்க மாறினா ஏத்துக்கிறேன்.

காசு விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். முன்னெல்லாம் ரெக்கார்டு வித்துத்தான் பேண்டுக்கு வருமானம். நம்ம காரைக்குடி ஏ.வி.மெய்யப்பனே படம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம்தான் பண்ணாரு, முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைங்கள்ல இன்னைக்கும் பழைய தட்டுங்க பார்க்கலாம். 1999ல நாப்ஸ்டர்ங்கிற இணையச் சேவை வந்து பாட்டு ஓசியில பரவினதுல இருந்து அந்த வியாபாரம் சரிஞ்சு, மேடைக் கச்சேரிதான் பெரிய பேண்டுங்களுக்கு முக்கிய வருமானம்னு ஆயிடுச்சு. டிக்கெட் விலை ஏறுச்சு, அந்த விலை கொடுக்க முடியிறது யாரால, வேலையில கொஞ்சம் நிமிர்ந்த நடு வயசுக்காரங்களால. 2024ல ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுக்கு ஸ்பான்சர் ஏ.ஏ.ஆர்.பி., அது 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான அமைப்பு. கணக்கு போட்டுத்தான் நடத்துறாங்க. அதுக்காக அங்க வர்ற கண்ணீர் பொய்யாயிடாது, கல்யாணத்துல பந்தல்காரருக்குக் காசு கொடுக்கிறோம்ங்கிறதால தாலி பொய்யாயிடுதா?

விலை கொடுத்தாவது போகணும்னு தள்ளுறது இன்னொண்ணும் இருக்கு, நாளைக்கு இவங்க இருப்பாங்களான்னு தெரியாது. பிளாக் சபாத் பாடகர் ஓசி ஆஸ்போர்னுக்கு பார்க்கின்சன் நோய், நிக்க முடியல. 2025 ஜூலை 5 அன்னைக்கு அவங்க பிறந்த ஊரு பர்மிங்காம்ல, 1968ல ஆரம்பிச்ச அதே நாலு பேரும் சேர்ந்து கடைசியா ஒரு கச்சேரி வச்சாங்க, அவரு சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில உக்காந்தே பாடினாரு. ஜூலை 22 இறந்துட்டாரு. 17 நாள். அந்த மைதானத்துல இருந்தவங்களை நினைச்சுப் பார்க்கிறேன். எங்க ஆயா கடைசியா வந்த படைப்புக்கு நான் எக்ஸாம்னு போகாம இருந்துட்டேன், அடுத்த வருஷம் அவங்க இல்ல. அதுக்கப்புறம் இந்த விஷயத்துல நான் தள்ளிப் போடுறதே இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லணும், வயசான பேண்டுங்கிறதுக்காக எல்லாமே நல்லா இருக்காது. மனசில்லாம கடனேன்னு வாசிக்கிற பேண்டும் உண்டு, அது ரெண்டாவது பாட்டுலயே தெரிஞ்சுடும். இன்னும் புதுசா பாட்டு எழுதறவங்க மேடையில வித்தியாசமா இருப்பாங்க, ரோலிங் ஸ்டோன்ஸ் 2023ல 18 வருஷம் கழிச்சு சொந்தமா எழுதின புதுப் பாட்டுங்களோட ஒரு ஆல்பம் போட்டாங்க, எண்பது வயசுல. புதுப் பாட்டு வர்றப்ப தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும். அது அவங்க இன்னைக்கு எழுதினது, உக்காந்து கேளுங்க.

படைப்பு முடிஞ்சு மறுநாள் எல்லாரும் கிளம்பிக்கிட்டு இருக்காங்க, அக்கா மக பையைக் கட்டிட்டு வந்து, "சரி அம்மான், எதுல ஆரம்பிக்கிறது?"ன்னு கேட்டா. கேசட் பரண்ல இருக்கு, டேப் ரெக்கார்டர் ஓடல. போன்லயே எடுத்துக் கொடுத்தேன். முதல் பாட்டுல இருந்து வரிசையா கேளு, தாண்டாத, இயர்போன் வேணாம், வளவுல வச்சுப் போடு, சத்தம் தூணுல பட்டுச் சுத்தி வரும்னு சொன்னேன். அவ போட்டா, அந்த கீபோர்டு மெதுவா எழும்புச்சு, பல்லவன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு அக்கா வாசல்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, இவ அசையல, "இரு ஆத்தா, இன்னும் கிடார் வரல"ங்கிறா.